ஆகஸ்ட்டில் போய் இருந்து பாருங்கள்

(ஓய்வுபெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

"ரிடையர் ஆனதும் தெற்கே போய்விடலாம், இந்தப் பனியை இனி யார் அள்ளுவது" என்று பேசாத வீடு நியூஜெர்சியில் இருக்காது. தெற்கு என்றால் பாதிப் பேருக்கு ஃபுளோரிடா. கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டிய புது வீடுகளில் எனக்கும் என் மனைவிக்கும் மனசு ஒட்டவில்லை. நடக்கத் தெரு வேண்டும், வயதான மரங்கள் வேண்டும், ஊருக்கு ஒரு பழமை வேண்டும் என்றாள் அவள். அப்படித்தான் ஜார்ஜியாவில் இருக்கிற சவானாவில் வாடகைக்கு வீடு பிடித்து இருந்து பார்த்தோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

1733-இல், ஜார்ஜியா குடியேற்றத்தை நிறுவிய ஜேம்ஸ் ஓகிள்தார்ப் அந்த ஊருக்குக் கோடு போட்டார். ஒவ்வொரு பேட்டைக்கும் நடுவில் ஒரு சதுக்கம். அதன் வடக்கிலும் தெற்கிலும் வீட்டு மனைகள். கிழக்கிலும் மேற்கிலும் சர்ச் மாதிரியான பொதுக் கட்டடங்கள். ஊர் வளர வளர அதே அச்சில் சதுக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். மொத்தம் 24 ஆகி, இன்று 22 மிச்சம். அவர் என்ன நினைத்துச் செய்தாரோ, மூட்டுவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இரண்டு மூன்று நிமிடம் நடந்தால் ஓக் மர நிழலும் உட்கார ஒரு பெஞ்சும் வந்துவிடுகின்றன.

இந்த அழகு தானாக நிலைக்கவில்லை. 1954-இல் எல்லிஸ் சதுக்கத்தில் இருந்த பழைய சந்தையை இடித்துக் கார் நிறுத்தக் கட்டடம் கட்டினார்கள். அடுத்த ஆண்டு டேவன்போர்ட் வீடு என்ற பழைய வீட்டுக்கும் அதே ஆபத்து வந்தபோது ஏழு பெண்கள் சேர்ந்து பணம் திரட்டி அதை வாங்கினார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் சவானா ஃபவுண்டேஷன் அப்படிப் பிறந்ததுதான். எல்லிஸ் சதுக்கம் 2010-இல் திரும்பக் கிடைத்தது. கார்கள் இப்போது பூமிக்குக் கீழே நிற்கின்றன.

சரி, அதே பாதுகாப்பு நம்மிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். பழைய பகுதியில் வீட்டின் வெளித்தோற்றத்தில் கைவைக்க நகராட்சியின் அனுமதி வேண்டும். அந்த வீடுகளில் பலவற்றுக்கு வாசல், தெருவிலிருந்து ஒரு மாடி உயரத்தில் இருக்கிறது. செங்குத்தான படி ஏறித்தான் உள்ளே போகவேண்டும். நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தால் முகப்பில் ஒரு சாய்தளம் போடுவதற்கும் விண்ணப்பம் எழுதவேண்டும். நடைபாதையோ செங்கல், ஓக் வேர்கள் அதைத் தூக்கிவிட்டிருக்கின்றன. ஆற்றங்கரைக்கு இறங்கும் கல் படிகளில், உங்கள் பொறுப்பில் இறங்குங்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். சுற்றுலாவாகப் போனபோது இதெல்லாம் எங்களுக்குப் படம் எடுக்கத் தோதாக இருந்தது. அரிசி மூட்டையோடு ஏறும்போதுதான் அது படிக்கட்டாகத் தெரிந்தது.

செங்கல் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அந்த வீடுகளுக்குப் பெருமை சேர்க்கிற 'சவானா கிரே' செங்கல்லை ஹெர்மிடேஜ் பண்ணையில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் சுட்டார்கள். 1859 மார்ச்சில் ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பந்தயத் திடலில் இரண்டே நாளில் நானூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை ஏலம் விட்டார்கள். தெற்கின் பழைய ஊர் பிடித்திருக்கிறது என்பவர் இதையும் தெரிந்துகொண்டுதான் அங்கே குடியேற வேண்டும். ஊரும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கியிருக்கிறது. அடிமை முறைக்கு வாதாடிய கால்ஹூனின் பெயரில் இருந்த சதுக்கத்துக்கு 2023-இல் சூசி கிங் டெய்லர் என்ற பெயர் வைத்தார்கள். அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை அவர்.

இனி வானிலை. எல்லோரும் ஏப்ரலில் போகிறார்கள். அசேலியா பூத்துக் கிடக்கும், யாருக்குத்தான் பிடிக்காது? நீங்கள் ஆகஸ்ட்டில் போங்கள். வெயில் முப்பத்துமூன்று டிகிரிதான், நம் ஊரில் பார்க்காததா என்பீர்கள். அந்த ஈரப்பதம் இட்லிப் பானையைத் திறந்து முகத்தை வைத்த மாதிரி. வெயில் தணிந்து இலையுதிர் காலத்தில் திண்ணையில் உட்காரலாம் என்றால் மணல் பூச்சி வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, கடி மட்டும் தெரியும்.

பூச்சியைச் சமாளிக்கலாம். தண்ணீர் வேறு விஷயம். இங்கே பலருக்கும் தெரியாதது, சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது. அதற்குத் தனி பாலிசி. மத்திய அரசின் திட்டத்தில் ஒரு வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் இரண்டரை லட்சம் டாலர். புதிதாக எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் கிளம்பிவிட்டது என்று டிவியில் பார்த்துவிட்டு எடுக்க முடியாது. 2016-இல் மேத்யூ புயல், மறு ஆண்டே இர்மா புயல். இரண்டு முறையும் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். ஐ-16 நெடுஞ்சாலையின் எல்லாத் தடங்களையும் மேற்கே திருப்பிவிட்டார்கள். அறுபத்தாறில் நான் வண்டி ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். எண்பத்திரண்டில்?

வரி நல்ல செய்தி. மத்திய அரசின் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கு ஜார்ஜியா வரி போடுவதில்லை. 65 வயதானால் ஓய்வுக்கால வருமானத்தில் ஆளுக்கு 65,000 டாலர் வரை மாநில வரி கிடையாது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைத் தனியார் கம்பெனி வழியாகத் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் வைத்திருப்பவர்கள் மட்டும் புது ஊரில் புதுத் திட்டம் தேடவேண்டும். அந்தத் திட்டத்தில் சேர்ந்த டாக்டர்களின் பட்டியலை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் ஒன்று உண்டு. நான் ஒரு வாரம் இங்கே திரும்பி வந்துவிட்டேன். அவள் அங்கே தனியாக, கார் சாவியைத் தொடாமல் இருந்து பார்த்தாள். நம்மில் ஒருவர் முந்திக்கொண்டால் மற்றவர் அந்த ஊரில் எப்படி இருப்பார் என்று பார்க்கவேண்டாமா? அபசகுனம் என்று என் அக்கா ஃபோனில் திட்டினாள். திட்டட்டும். டவுன்டவுனில் இலவசப் பேருந்து ஓடுகிறது, பூங்காவுக்கும் நூலகத்துக்கும் போவதில் கஷ்டமில்லை என்றாள் என் மனைவி. வாரச் சாமான் வாங்கப் பக்கத்து வீட்டு அம்மா கூட்டிப்போனாராம். தமிழில் பேச ஆளில்லாததுதான் அவளுக்குக் கனத்தது. அட்லாண்டா பக்கம் ரிவர்டேலில் இருக்கும் பெருமாள் கோயிலுக்குப் போக ஏறக்குறைய நாலு மணி நேரம்.

அதனால் சதுக்கத்து வீட்டு ஆசையை விட்டுவிட்டோம். ஊரின் தெற்கே, ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில், மேடான மனையில் படி இல்லாத ஒற்றைத்தள வீடு கிடைக்குமா என்று பார்க்கிறோம். சதுக்கங்களுக்கு அங்கிருந்து காரில் போய் நடந்துகொள்ளலாம். இன்னும் எதுவும் வாங்கவில்லை. அடுத்த செப்டம்பரில், புயல் உச்சத்தில் இருக்கும் மாதத்தில், மறுபடி வாடகைக்குப் போகிறோம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வாடகை எவ்வளவு என்பதை மட்டும் முன்வரிசையில் இருக்கும் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேரம் பேசியது அவள்தான்.