மூன்று மாநில செனட்டரும் என் 32 டாலரும்

வணக்கம் மக்களே! நேற்று வாஷிங்டனில் கேப்பிட்டலுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போனேன். உள்ளே சுற்றிப் பார்க்கக் காசே கிடையாது. ஆனால் காரை நிறுத்த 32 டாலர்! போன வீடியோவில் 6 டாலர் காபிக்கே பத்து நிமிடம் புலம்பினேன், ஞாபகம் இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு 32. சரி, விடுகிறேன். மனசு ஆறவில்லை, ஆனாலும் விடுகிறேன்.

போனது ஒரே ஒரு வெண்கலச் சிலைக்காக: ஜேம்ஸ் ஷீல்ட்ஸ். 1893இல் இல்லினாய் மாநிலம் கொடுத்தது. அதன் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை, எனக்கு எரிச்சலாகிவிட்டது. அயர்லாந்தின் டைரோன் பகுதியில் பிறந்து, கப்பலேறி வந்து, இல்லினாய், மினசோட்டா, மிசௌரி என்று மூன்று மாநிலங்களுக்கு செனட்டராக, அதாவது நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக இருந்தவர். வேறு யாருக்கும் அது வாய்க்கவில்லை.

1849இல் இல்லினாயிலிருந்து ஜெயித்துப் போனவரை செனட் முதலில் திருப்பி அனுப்பியது. குடியுரிமை கிடைத்து ஒன்பது ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம். இவருக்குக் கிடைத்ததோ 1840 அக்டோபரில். சில மாதம் குறைகிறது! ஆள் அசரவில்லை. ஒன்பது ஆண்டு நிறைந்ததும் மறுபடி ஜெயித்து அதே இடத்தில் போய் உட்கார்ந்தார். எனக்கு இவரைப் பிடித்துப்போனது இங்கேதான்.

மினசோட்டாவில் வேறு கூத்து. 1858இல் அது புது மாநிலம். இரண்டு செனட்டர்களில் யாருக்கு எத்தனை காலம் என்று சீட்டுப் போட்டார்கள். இவருக்கு வந்தது குறுகிய காலச் சீட்டு, பத்து மாதம்கூட இல்லை. மிசௌரியில் 1879இல் ஐந்தே வாரம். அதே ஆண்டு இறந்தும் போனார்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன்! 1842இல் ஆபிரகாம் லிங்கனையே ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்குக் கூப்பிட்டவர் இவர். அப்போது இல்லினாயின் கணக்குத் தணிக்கையாளர். மாநில வங்கி நோட்டை வரிக்கு வாங்க மாட்டோம் என்று இவர் சொல்ல, லிங்கன் வேறு பெயரில் பத்திரிகையில் கிண்டலாக எழுதிவிட்டார். சண்டைக்கு அழைக்கப்பட்டவர்தான் ஆயுதத்தைச் சொல்ல வேண்டும். லிங்கனோ ஆறடி நாலங்குல ஆள், எதைக் கேட்பார்? குதிரைப்படையின் நீள வாள்! கை நீளமானவனுக்குத்தானே அது வசதி. மிசிசிப்பி ஆற்றுத் தீவுவரை போனபின், நண்பர்கள் புகுந்து சமாதானம் செய்துவைத்தார்கள்.

இவ்வளவு பேசுகிறாயே, சிலையை எங்கே காணோம் என்று கேட்பீர்கள். ரெக்கார்ட் பட்டனை அமுக்க மறந்துவிட்டேன். சனிக்கிழமை மறுபடி போகிறேன். இன்னொரு 32 டாலர்.