ஷார்த்ர்: சில்லுகளால் ஆன ஊர்

எல்லோருக்கும் வணக்கம். பிரான்சில் நான் ஒரே ஒரு பகல் இருந்த ஊரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஷார்த்ர் என்று பெயர். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் அந்த ஊர் என்னை இன்னும் விட்டபாடில்லை.

வழி நெடுகக் கோதுமை வயல். போஸ் சமவெளி என்பார்கள், பிரான்சின் தானியக் களஞ்சியம் மாதிரி. அந்த வயல்களுக்கு மேலே முதலில் தெரிவது பேராலயத்தின் இரண்டு கோபுரங்கள்; ஊர் அப்புறம்தான் தெரியும். இரண்டும் ஜோடி இல்லை. தெற்குக் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அலங்காரமே இல்லாமல் வழவழவென்று மேலேறுகிறது. வடக்கில் இருந்த மர முனை 1506-இல் இடி விழுந்து எரிந்துபோனது. அதைக் கல்லில் திரும்பக் கட்டிய ழான் தெ போஸ், பக்கத்துக் கோபுரத்தைப் பார்த்து அப்படியே செய்யாமல், தன் காலத்துப் பாணியில் பூவேலையாகச் செதுக்கினார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

உள்ளே போனால் முதலில் ஒன்றும் தெரியாது. இருட்டு. இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் மேலே நீலம் எரியத் தொடங்கும். ஆம், எரிகிறது என்றுதான் சொல்லவேண்டும். 2,500 சதுர மீட்டருக்கு மேல் வண்ணக் கண்ணாடி. பெரும்பகுதி 13-ஆம் நூற்றாண்டில் செய்தது. கண்ணாடி உருகும்போதே உலோகம் சேர்த்து நிறம் ஏற்றுவார்கள்; நீலத்துக்குக் கோபால்ட். ஆறியபின் சிறு சிறு துண்டாக நறுக்கி, முகம், விரல், துணி மடிப்பு எல்லாம் கறுப்பு மையால் வரைந்து, மறுபடி சூளையில் சுடுவார்கள். பிறகு ஈயப் பட்டையால் துண்டு துண்டாக இணைப்பார்கள். ஆக, அந்த ஜன்னல் ஒவ்வொன்றும் சில்லுகளை ஒட்டவைத்த வேலை. இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

1194-இல் பெருந்தீ. பழைய கோயில் ஏறக்குறைய முழுதும் போனது. மரியன்னையின் ஆடை என்று அவர்கள் போற்றிய துணியும் போய்விட்டதென்று ஊரே அழுதது. சில நாளில் அது நிலவறையில் பத்திரமாகக் கிடைத்தது என்பது அங்கே சொல்லும் வரலாறு. உடனே வேலை தொடங்கினார்கள். ஒரு தலைமுறைக்குள் கட்டடத்தின் பெரும்பகுதி எழும்பிவிட்டது. அந்தத் தீயில் தப்பிய சில கண்ணாடிகளில் ஒன்று, நீல உடையில் குழந்தையோடு அமர்ந்த மரியன்னை. புது ஜன்னலுக்குள் அதைப் பொருத்தி வைத்தார்கள். அதன் எதிரே நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னல்களைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். அடிவரிசையில் பல இடங்களில் ரொட்டி சுடுகிறவர், செருப்புத் தைக்கிறவர், தண்ணீர் சுமக்கிறவர், வண்டிச் சக்கரம் செய்கிறவர் எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். இவர்கள் கொடுத்த காசில் செய்தது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். அப்படி இல்லை என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. யார் காசானாலும் சரி, புனிதர்களுக்குக் காலடியில் ரொட்டிக்காரருக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

இத்தனை கண்ணாடி எப்படி 800 ஆண்டு பிழைத்தது? 1939-இல் போர் வரப்போகிறது என்றதும் ஜன்னல்களைக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கி ஒளித்துவைத்தார்கள். முதல் உலகப் போரிலும் கழற்றியிருக்கிறார்கள். 1944 ஆகஸ்டில் அமெரிக்கப் படை ஊரை நெருங்கியபோது, கோபுரத்தில் ஜெர்மானியர் ஒளிந்திருப்பார்கள் என்ற சந்தேகத்தில் பேராலயத்தின் மேல் பீரங்கி சுடுவது பற்றிப் பேச்சு எழுந்தது. வெல்போர்ன் கிரிஃபித் என்ற கர்னல், நானே போய்ப் பார்த்துவருகிறேன் என்று சொல்லி உள்ளே போனார். கோபுரம் வரை ஏறித் தேடினார். யாரும் இல்லை. சுட வேண்டாம் என்று தகவல் போனது. அதே நாள், ஆகஸ்ட் 16, பக்கத்து ஊரான லேவில் அவர் சண்டையில் கொல்லப்பட்டார்.

இன்னொருவரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. ழான் முலான். 1940 ஜூனில் அந்த மாவட்டத்தின் நிர்வாகி, நம் கலெக்டர் மாதிரி. ஊருக்குள் நுழைந்த ஜெர்மன் அதிகாரிகள் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது பிரெஞ்சுப் படையின் செனகல் வீரர்கள் என்று அதில் எழுதியிருந்தது. உண்மையில் அந்தப் பெண்களும் குழந்தைகளும் குண்டுவீச்சில் செத்தவர்கள். கறுப்பு வீரர்கள் மேல் பழி போட ஒரு பொய். மணிக்கணக்கில் அடித்தார்கள்; அவர் கையெழுத்துப் போடவில்லை. இன்னொரு நாள் அடித்தால் தாங்கமாட்டேன், எழுதிக்கொடுத்துவிடுவேன் என்று அஞ்சி, அன்றிரவு அறைத் தரையில் கிடந்த கண்ணாடிச் சில்லை எடுத்துத் தன் கழுத்தை அறுத்துக்கொண்டார். விடியும்போது கண்டுபிடித்துக் காப்பாற்றினார்கள். பிறகு ஜெர்மானியரை எதிர்த்த ரகசிய இயக்கங்களை ஒன்று சேர்த்தார். 1943-இல் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு இறந்தார். கழுத்துத் துணியோடு அவர் நிற்கும் புகழ்பெற்ற படம் தழும்பை மறைக்க எடுத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது காயத்துக்கு முன்பே எடுத்த படம்.

பிற்பகலில் எர் (Eure) என்ற ஆற்றின் கரையில் உள்ள பழைய தெருக்களைச் சீக்கிரம் கடந்துவிட்டேன், அழகாகத்தான் இருந்தன. நான் தேடிப்போனது ஊரோரத்தில் ஒரு சின்ன வீடு. கல்லறைத் தோட்டத்தில் பெருக்கும் வேலை பார்த்த ரேமோன் இசிதோர் தன் கையால் கட்டியது. நடந்துபோகும் வழியில் உடைந்த தட்டும் கண்ணாடியும் பொறுக்கிவந்து சுவர், தரை, நாற்காலி, அடுப்பு, தையல் மெஷின் வரை பதித்துவிட்டார். 1964-இல் இறக்கும்வரை அதே வேலை. தட்டு என்று பொருள்படும் 'அசியெத்' என்ற சொல்லைச் சேர்த்து, ஊரார் 'பிக்காசியெத்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இன்று அது அரசு பாதுகாக்கும் நினைவுச்சின்னம். குளிர்காலத்தில் மூடியிருக்கும், கவனித்துப் போங்கள்.

அந்த வீட்டுச் சுவரிலும் பேராலயம் இருக்கிறது. யாரோ குப்பையில் போட்ட பீங்கான் தட்டுகளின் சில்லுகளால் அவர் எழுப்பிய பேராலயம். கோபுரம் இரண்டு. நான் போன நேரம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. விரலால் தொடலாமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.