வளவுச் சுவரில் சில கைகள்

பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

எனக்குப் பிடித்த ஓவியர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரைக்குடியில் இதைப் பேசுவது எளிது. நம் வளவில், அதான் வீட்டு நடு முற்றத்தைச் சுற்றி, அண்ணாந்து பார்த்தால் பாதிப் பேச்சு அங்கேயே தொங்குகிறது.

முதலில் ரவி வர்மா. 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சுக்கல், ஒன்றன்மேல் ஒன்றாக அச்சு. அப்படித்தான் லட்சுமியும் சரஸ்வதியும் நம் வீடுகளுக்கு வந்தார்கள். அவருடைய திறமை எல்லாம் துணியில் இருக்கிறது என்பேன். முகத்தை விட்டுவிட்டுச் சேலையை மட்டும் பாருங்கள்: பட்டின் கனம், கரையின் மினுக்கம், கொசுவத்துக்குள் விழும் நிழல். அதில் மயங்கித்தானோ என்னவோ, நம் பழைய ஆச்சிமார் அந்தப் படங்களின் மேலேயே அசல் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டினார்கள். அச்சில் வந்த படம் அவர்கள் கைபட்டு வேறொரு படமானது. அந்த ஆச்சிமாரையும் ஓவியர் வரிசையில்தான் வைக்கிறேன்.

அப்புறம் கோவில்பட்டி கொண்டையராஜு. நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதிய கை அது. அந்த மேடை வெளிச்சம் அவர் காலண்டர் சாமிகள்மேல் அப்படியே விழும். எல்லாச் சாமிக்கும் ஒரே முகம் என்று குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப்படவில்லை. கும்பிடுகிறவர் கண்ணை நேராகப் பார்க்கும் முகம் அது. அதைத்தான் அவர் தேடினார்.

ஆனால் என் மனசு ஓவியர் சில்பியிடம்தான் போகும். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற அவருடைய கோயில் சிற்ப ஓவியத் தொடர் வந்த காலத்தை இங்கே பலரும் அறிவீர்கள். கோயிலிலேயே உட்கார்ந்து வரைவார். பேனாவும் கறுப்பு மையும் போதும். கல் சிலையின் கன்னத்தில் அடுக்கடுக்காக மெல்லிய கோடு இழுத்தால் உருட்சி வந்துவிடும். செப்புத் திருமேனி என்றால் கோடு மாறும். சில இடங்களைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடுவார், உலோகம் பளபளக்கும். ஒரே மை, ஒரே தாள். கல் எது, செம்பு எது என்று சந்தேகமே வராது. அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

சில்பிக்கு நேர் எதிர் ஆதிமூலம். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி காந்தியை நூறு படங்களில் வரைந்தார். முரட்டுக் கோடு, வேகமான கோடு. கோணல் விழுந்தால் திருத்த மாட்டார். அந்தக் கோணலில்தான் கிழவரின் நடை இருக்கும். பின்னாளில் உருவமே இல்லாத வண்ணங்களுக்குப் போனார். அவையும் நல்ல படங்கள்தான், ஆனாலும் எனக்கு அந்தக் கறுப்புக் கோடுதான்.

2021-இல் நாம் இழந்த ஓவியர் இளையராஜாவைச் சொல்லாமல் விட முடியாது. ஜன்னல் வழியாக வந்து கிராமத்துப் பெண்ணின் கன்னத்தில் விழும் வெயிலை அவரைப்போல் வரைந்தவர்கள் குறைவு.

சரி, ஒரு வேண்டுகோள். பாகம் பிரிக்கும்போது சட்டம் போட்ட படங்கள்தான் முதலில் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. கொடுக்கும் முன் இறக்கித் துடைத்து, படத்தின் அடியைப் பாருங்கள். அச்சகத்தின் பெயரோ ஓவியரின் கையெழுத்தோ தெரியலாம். சமிக்கி ஒட்டிய படமாக இருந்தால், ஒட்டிய ஆச்சி யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பின்பக்க அட்டையில் எழுதி வையுங்கள்.