கப்பல் சாப்பாடு: எந்தச் சமையலறையில் எதைக் கேட்பது

வணக்கம், நேயர்களே.

சொகுசுக் கப்பலில் போகத் திட்டமிடுகிறவர்கள் விளம்பரத்தில் முதலில் பார்ப்பது ஓர் எண்ணிக்கையைத்தான். இந்தக் கப்பலில் இருபது உணவகம், அந்தக் கப்பலில் பன்னிரண்டு என்று ஒப்பிட்டு, இருபது இருப்பதே மேல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் மேசைக்கு வரும் தட்டு, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குச் சேர்த்துச் சமைக்கப்பட்டது? இது தெரிந்துவிட்டால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது, எதற்குக் கூடுதல் பணம் தரலாம் என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

கப்பலின் முதன்மை உணவுக்கூடத்திலிருந்து தொடங்குவோம். ஆங்கிலத்தில் மெயின் டைனிங் ரூம் என்பார்கள். பயணக் கட்டணத்திலேயே இதன் சாப்பாடு அடக்கம். மூவாயிரம் பயணிகள் உள்ள கப்பலில், பழைய முறைப்படி இரண்டு பந்தி நடக்கும். முதல் பந்தி மாலை 6 மணியளவில், இரண்டாவது 8 மணிக்கு மேல். ஒவ்வொரு பந்தியிலும் ஆயிரம் பேருக்கு மேல் ஒரே சமயத்தில் உட்காருகிறார்கள். அத்தனை பேருக்கும் முன்னுணவு, முதன்மை உணவு, இனிப்பு என்று மூன்று சுற்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

அங்கே ஸ்டேக் எனப்படும் தடித்த இறைச்சித் துண்டு ஒன்று படும் பாட்டைப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறங்கிய இறைச்சி சூடான தட்டுக்கு வருகிறது. மேலே மூடி போடுகிறார்கள். பரிமாறுபவர் மூடிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெரிய தாம்பாளத்தில் தூக்கிக்கொண்டு போகிறார். மேசையில் எல்லோருடைய தட்டும் ஒன்றாக இறங்க வேண்டும் என்பதால், முதலில் தயாரான தட்டு கடைசித் தட்டுக்காகக் காத்திருக்கிறது. இவ்வளவு நேரமும் அந்த இறைச்சி தன் சூட்டிலேயே மேலும் வெந்துகொண்டிருக்கும். உள்ளே சிவப்பாக வேண்டும் என்று கேட்டவருக்கு நடுப்பதமாக வந்து சேர்வதற்குச் சமையல்காரரின் கைக்குறை காரணமல்ல, அந்த மூடிதான் காரணம். மொறுமொறுப்பான தோலோடு வறுத்த மீனும் அதே மூடிக்குள் ஆவி பிடித்து நமர்த்துவிடும். உருளைக்கிழங்கு வறுவலுக்கும் அதே கதிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. தீ விபத்துக்கு அஞ்சிப் பெரிய பயணிகள் கப்பல்களின் சமையலறைகள் பெரும்பாலும் மின்சார அடுப்பிலேயே ஓடுகின்றன. கொழுந்துவிட்டு எரியும் தீயில் புரட்டி எடுக்கும் புகைமணத்தை அங்கே தேடக் கூடாது.

ஆகவே முதன்மை உணவுக்கூடத்தில் எதைக் கேட்பது? நேரம் ஆக ஆகச் சுவை கூடுவதைக் கேளுங்கள். சூப், நீண்ட நேரம் குழம்பில் வேகவைத்த இறைச்சி, முழுத்துண்டாகச் சுட்டு அரிந்து வைப்பது, ஓவன் அடுப்பில் வேகும் பாஸ்தா, குளிராகவே பரிமாறும் முன்னுணவுகள் ஆகியவை மொத்தச் சமையலில் கெடாது. ஸ்டேக்தான் வேண்டுமென்றால், விரும்பும் பக்குவத்துக்கு ஒரு படி குறைத்துச் சொல்லுங்கள். சாஸைத் தனிக் கிண்ணத்தில் தரச் சொல்லுங்கள். வந்தது பிடிக்கவில்லையா, உடனே சொன்னால் மாற்றித் தருவார்கள், அதற்குக் காசு கிடையாது. முதன்மை உணவு வேண்டாம், இரண்டு முன்னுணவு போதும் என்றாலும் தருவார்கள். ஆனால் எதையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற பழைய தாராளம் குறைந்து வருகிறது. கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் மூன்றாவது முதன்மை உணவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ராயல் கரீபியன் நிறுவனத்தில், லாப்ஸ்டர் என்னும் சிங்கி இறால் பரிமாறும் இரவன்று இரண்டாவது லாப்ஸ்டருக்குப் பணம் வாங்குகிறார்கள்.

அடுத்து, சாப்பிடும் நேரம். சாப்பாட்டைப் பற்றி வரும் மனக்குறையில் பாதி, உண்மையில் நேரத்தைப் பற்றிய மனக்குறைதான். குறித்த பந்தி, குறித்த மேசை என்ற வழக்கத்தை உடைத்தது நார்வீஜியன் குரூஸ் லைன். 2000ஆம் ஆண்டில் ஃப்ரீஸ்டைல் என்ற பெயரில், வேண்டிய நேரத்தில் வந்து சாப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. ராயல் கரீபியனில் அதற்கு மை டைம் என்று பெயர், கார்னிவலில் யுவர் டைம், செலிப்ரிட்டியில் செலக்ட். பெயர்தான் வேறு, சிக்கல் எல்லாவற்றிலும் ஒன்றே: மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் எல்லோருக்கும் ஒன்றாகப் பசிக்கும், வாசலில் வரிசை நீளும். ஆறு மணிக்கு முன்போ எட்டு மணிக்குப் பின்போ போனால் காத்திருக்க வேண்டாம். எட்டுப் பேர் சேர்ந்து உட்கார மேசை வேண்டுமென்றால், கப்பலின் செயலியிலோ நேரிலோ முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நான் குறித்த பந்தியையே சொல்வேன். தினமும் அதே பரிமாறுபவர் வருவதால் இரண்டாம் நாளே உங்கள் தேவை அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். வேண்டிய நேரத்தில் வருகிறவர்களுக்கு ஒவ்வோர் இரவும் புது மேசை, புது ஆள். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் டிஸ்னி கப்பல்களின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று உணவுக்கூடங்களுக்கு இடையே பயணிகள் இரவுக்கிரவு மாறுகிறார்கள், அவர்களோடு சேர்ந்து பரிமாறுபவர்களும் இடம் மாறுகிறார்கள். சூழல் புதிது, முகம் பழையது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான முறை வேறில்லை.

எல்லாப் புதுமையும் நிலைத்துவிடவில்லை. 2014இல் குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலைக் கடலில் இறக்கியபோது, ராயல் கரீபியன் முதன்மை உணவுக்கூடத்தைத் தனித்தனி உணவகங்களாகப் பிரித்துப் பார்த்தது. படிக்க நன்றாக இருந்தது. நடைமுறையில் ஒவ்வோர் இரவுக்கும் பயணி தனியாக இடம் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. ஓய்வெடுக்க வந்தவருக்கு அது வேலையாக மாறியது. கடைசியில் நிறுவனம் பழைய முறைக்கே திரும்பியது. செலிப்ரிட்டி நிறுவனம் 2018இல் எட்ஜ் கப்பலில் இதையே பக்குவமாகச் செய்தது. நான்கு உணவுக்கூடங்கள். மெனுவில் ஒரு பகுதி நான்கிலும் பொது, சில உணவுகள் மட்டும் அந்தந்தக் கூடத்துக்கே உரியவை. எங்கே போனாலும் ஏமாற்றம் இல்லை.

கியூனார்டு கப்பல்களில் இன்னும், கடல்கடந்து ஆட்களை ஏற்றிச் சென்ற பழைய லைனர் கப்பல் காலத்து ஒழுங்கு இருக்கிறது. எந்த வகை கேபின் எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் உணவுக்கூடம். சாதாரண கேபினுக்குப் பிரிட்டானியா, உயர்ந்த அறைகளுக்குப் பிரின்சஸ் கிரில், குவீன்ஸ் கிரில். கிரில் உணவுக்கூடங்கள் சிறியவை, ஆகவே தட்டு காத்திருக்கும் நேரமும் குறைவு. அங்கே அறைக்குத் தரும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு சாப்பாட்டுக்குத்தான் போகிறது என்பதை மறக்காமல் கணக்குப் போடுங்கள்.

இனி கட்டண உணவகங்கள். கட்டணத்துக்கு மேல் கட்டணமா என்று பலர் குறைப்படுகிறார்கள். இது இன்றைய வழக்கம் அல்ல. 1905இல் ஓடிய 'அமெரிக்கா' என்ற ஜெர்மானியக் கப்பலிலேயே, தனிப் பணம் கொடுத்துச் சாப்பிடும் ரிட்ஸ் உணவகம் இருந்தது. இன்றைய ஸ்டேக் உணவகமோ இத்தாலிய உணவகமோ பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது பேர் உட்காரும் அளவுதான். நீங்கள் சொன்ன பிறகுதான் இறைச்சி அடுப்பில் ஏறும். அந்தக் காத்திராத தட்டுக்குத்தான் பணம் தருகிறீர்கள். அதனால் ஸ்டேக், சுட்ட மீன், மேசைக்கு எதிரிலேயே செய்வது, சுஷி போன்றவற்றுக்குப் பணம் தருவது நியாயம். முதன்மை உணவுக்கூடத்திலேயே நன்றாக வரும் பாஸ்தாவுக்காகத் தனிப் பணம் கொடுப்பதை ஒருமுறை யோசியுங்கள்.

கணக்கு இப்படி. பேருக்கு 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் சேவைக் கட்டணம் நிறுவனத்தைப் பொறுத்து 18 முதல் 20 விழுக்காடு. 18 என்றால் 59 டாலர். இரண்டு பேர் இரண்டு இரவு போனால் 236. ஏழு இரவும் போனால் 826. இந்தத் தொகையைப் பயணச்சீட்டு விலையோடு கூட்டிவிட்டு, அதன்பின் ஓஷானியா, வைக்கிங், ரீஜென்ட் போன்ற நிறுவனங்களின் விலையைப் பாருங்கள். அந்தக் கப்பல்களில் சிறப்பு உணவகங்களும் பயணச்சீட்டிலேயே சேர்த்தி. வைக்கிங் கடற்கப்பல்களில் மதிய, இரவு உணவோடு ஒயினும் பீரும் சேர்த்தி. நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணம் கட்டும் குடிவகைத் திட்டத்தைத் தனியாக வாங்கும் கப்பல்களில் இன்னொரு விதியையும் கவனிக்க வேண்டும். கார்னிவல், ராயல் கரீபியன் இரண்டிலும் ஒரே கேபினில் ஒருவர் மதுத் திட்டம் வாங்கினால் மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும். கார்னிவலில் நாளுக்கு 15 மதுபானம் என்ற வரம்பும் உண்டு.

கட்டணம் இல்லையென்றால் இடம் சுலபமாகக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஓஷானியாவில் காசு வேண்டாம், பதிவு வேண்டும். வர்ஜின் வாயேஜஸ் இன்னும் ஒரு படி மேலே போய், முதன்மை உணவுக்கூடத்தையும் பஃபேயையும் அடியோடு எடுத்துவிட்டது. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டுமான கப்பல்கள் அவை. இருபதுக்கும் மேற்பட்ட சிறு உணவிடங்கள், எல்லாம் பயணச்சீட்டில் அடக்கம். மொத்தச் சமையலின் குறைகளுக்கு நேரான விடை இதுதான் என்பது என் கருத்து. ஆனால் ஏழரை மணி மேசைகள் பயணத்துக்கு முன்பே செயலியில் தீர்ந்துவிடும். பதிவு திறக்கும் நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிறுவனமானாலும், சிறப்பு உணவகத்துக்கு நாள் குறிக்கும்போது இரண்டைப் பாருங்கள். முறைப்படி உடுத்திவரும் இரவன்று முதன்மை உணவுக்கூடத்தில் வழக்கமாக நல்ல மெனு வரும், அந்த இரவைத் தவிருங்கள். துறைமுகத்திலிருந்து தாமதமாகத் திரும்பும் நாளில் சீக்கிர நேரத்தைப் பதிவு செய்யாதீர்கள். கப்பலின் நேரமும் கைப்பேசியின் நேரமும் சில துறைமுகங்களில் ஒரு மணி நேரம் வேறுபடும், அதில் மேசையை இழந்தவர்கள் பலர்.

பஃபேக்கு வருவோம். இங்கே சுவையைவிடச் சூடு முக்கியம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, முன்னறிவிப்பின்றிச் சோதித்து 100க்கு மதிப்பெண் போடுகிறது. 85உம் அதற்குக் கீழும் தோல்வி. மதிப்பெண்கள் அவர்கள் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. பணம் கட்டுமுன் உங்கள் கப்பலின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அவர்கள் விதிப்படி சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, குளிர் உணவு 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. இந்த வெப்ப அளவில் காக்காமல் நேரக் கணக்கில் வெளியே வைக்கும் உணவை 4 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். அடிமட்டத்துக்கு வந்துவிட்ட தட்டில் சுரண்டி எடுக்காமல், புதுத் தட்டு வரும்வரை ஒரு நிமிடம் நில்லுங்கள். நுழையுமுன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸ், வாசலில் இருக்கும் ஆல்கஹால் திரவத்துக்குச் சரியாக மசியாது.

பஃபேயிலும் என் பழைய கேள்வி பொருந்தும். தட்டுநிறையக் குவித்திருக்கும் முட்டைக் கிளறல், பெரும்பாலும் திரவ முட்டையில் மொத்தமாகச் செய்தது. அருகிலேயே ஒருவர் நின்று ஒவ்வொருவருக்கும் முட்டை பொரித்துத் தருவார். அதுதான் கப்பலிலேயே மிகச் சிறிய சமையலறை, அதற்குக் காசும் இல்லை. பாஸ்தா செய்து தரும் மேடையும் அப்படியே. கார்னிவலில் நீச்சல்குளத்தருகே உள்ள கைஸ் பர்கர் கடையும் அந்த வகைதான். இலவசம், ஆனால் மாலையில் மூடிவிடுவார்கள். இரவு போய்ப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள்.

ஐரோப்பியக் கடலில் எம்எஸ்சி, கோஸ்டா கப்பல்களில் இரவு உணவு தாமதமாகத் தொடங்கும். மேசையில் கேட்கும் தண்ணீர் புட்டியாக வரும், அதற்குப் பணம் உண்டு. இது கஞ்சத்தனம் அல்ல, அந்தக் கரைகளின் உணவக வழக்கம் அப்படியே கப்பலேறியிருக்கிறது.

சைவம் சாப்பிடுகிறவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் குறைந்தது 30 நாளுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். யூதர்களின் கோஷர் உணவு போன்றவற்றுக்கு இன்னும் முன்பே. கப்பலேறிய முதல் மாலையே தலைமைப் பரிமாறுபவரைப் பாருங்கள். ஒவ்வோர் இரவும் மறுநாள் மெனுவை அவர் கொண்டுவந்து காட்டுவார். நீங்கள் குறித்துக் கொடுத்தால் சமையலறை தனியாகச் செய்து வைக்கும். 'சைவம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். முட்டை உண்டா இல்லையா, மீன் உண்டா என்று பிரித்துச் சொல்லுங்கள். காய்கறி சூப் என்று பெயர் இருந்தாலும் அடியில் கோழி எலும்புச் சாறு இருக்கலாம். அசையும் இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம். இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடலை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் பஃபேயைத் தவிர்ப்பதே நல்லது, ஒரு தட்டின் கரண்டி அடுத்த தட்டுக்குப் போவதை யாராலும் முழுதாகத் தடுக்க முடியாது.

அறைக்கே வரவழைக்கும் சாப்பாட்டுக்கு ராயல் கரீபியனும் நார்வீஜியனும் கட்டணம் வாங்குகின்றன. ராயல் கரீபியனில் ரொட்டி, பழம், காப்பி கொண்ட காலையுணவு மட்டும் இலவசம். முதல் நாள் இரவே சீட்டில் குறித்துக் கதவில் மாட்டிவிடுங்கள்.

அந்தக் காலையுணவிலிருந்து ஓர் ஆப்பிளைப் பைக்குள் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பழம், காய்கறி, இறைச்சி எதையும் அப்படி இறக்க ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் விடுவதில்லை. அங்கே அபராதமும் கடுமை. பையை இரவே ஒருமுறை சோதித்து, பழம் இருந்தால் கப்பலிலேயே தின்றுவிட்டு இறங்குங்கள். வணக்கம்.