ஜூலை 22ஆம் தேதி என்ன நடந்தது?

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். எட்டு நிமிடம்தான், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"இன்றைய சிங்கப்பூரில் இன நல்லிணக்கம் வாழ்வது சட்டத்திலா, மனத்திலா?" மனத்தில்தான் என்கிறது என் அணி. எதிரணித் தம்பி 1989இல் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீடுகளுக்கு வந்த இன விகிதக் கொள்கையைச் சொன்னார், 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இன நல்லிணக்கச் சட்டத்தைச் சொன்னார். எல்லாம் சரி. ஆனால் முடிக்கும்போது ஒன்று சொன்னார் பாருங்கள், நீங்கள்கூடக் கைதட்டினீர்களே: "நல்லிணக்கம் என்பது இன நல்லிணக்க நாளான ஜூலை 21ஆம் தேதி அடுத்த இனத்தான் உடுப்பை மாட்டிப் படம் எடுப்பது, 22ஆம் தேதி அவனுக்கே வீடு வாடகைக்கு இல்லை என்பது."

தம்பி, அந்த 22ஆம் தேதியை நானும் பார்த்தவள். பத்து வருடத்துக்கு முன்னால் வாடகை வீடு தேடியபோது, போனில் அவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் என் பெயரைக் கேட்டதும் "நீங்க நிறைய சமைப்பீங்க, ஓனர் வேண்டாம்கிறார்" என்று வைத்துவிட்டார். அன்று ராத்திரி ரசத்துக்குத் தாளிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. இல்லை என்று பொய் சொல்ல நான் இங்கே வரவில்லை.

ஆனால் 2011ஐ நினைத்துப் பாருங்கள். அதற்குச் சில வருடம் முன்பு சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், பக்கத்து இந்திய வீட்டுக் குழம்பு வாசனை தாங்கவில்லை என்று முறையிட்டது. சமரசம் பேசி, அவர்கள் வெளியே போயிருக்கும்போது மட்டும் குழம்பு வைக்க இந்தக் குடும்பம் ஒப்புக்கொண்டது. விதிமுறைப்படி பிரச்சினை தீர்ந்துவிட்டது. 2011இல் செய்தி வெளியே வந்ததும் சீனரும் மலாய்க்காரரும் நம்மவரும் சேர்ந்து, ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் குழம்பு வைப்போம் என்று கிளம்பினார்கள். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பேஸ்புக்கில் பெயர் கொடுத்தார்கள். எந்தச் சட்டம் அவர்களை அடுப்பு மூட்டச் சொன்னது? 2023 அதிபர் தேர்தலில் இரண்டு சீன வேட்பாளர்களுக்கு எதிரே நின்ற தர்மன் சண்முகரத்னத்துக்கு 70.4 விழுக்காட்டு வாக்குகள். வாக்குச்சாவடிக்குள் யார் கையை யார் பிடித்தார்கள்?

சரி, சேலைக்கு வருகிறேன். அதை விடமாட்டேன்.

என் மகள் தொடக்கநிலை ஐந்து படித்தபோது இன நல்லிணக்க நாள் வந்தது. எங்கள் தளத்திலேயே நாலு வீடு தள்ளி அவள் தோழி, சீனப் பெண். காலை ஐந்தே முக்காலுக்குக் கதவைத் தட்டுகிறாள், சேலை கட்டிவிடச் சொல்லி. என் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் மஞ்சள் சுங்குடியை எடுத்தார். அந்தப் பெண் இருந்த உயரத்துக்குச் சேலை பாதிதான் தேவை, மீதியை எங்கே செருகுவது? சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். ஊக்கு மட்டும் பதினாலு! அந்தப் பெண் மூச்சுவிடப் பயந்து பொம்மை மாதிரி நிற்கிறாள். நின்றவள் கேட்டாள்: "பாட்டி, எதுக்கு ஜூலை 21?"

வாயில் இருந்த ஊக்கை அம்மா எடுத்துவிட்டார். 1964இல் அம்மாவுக்குப் பதினாலு வயது, கேலாங் பக்கம் கம்பத்து வீடு, கிராமத்து வீடு மாதிரி. நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரம், ஜூலையில் மட்டும் 23 உயிர் போனது, ஊரடங்கு. பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக், நம் அத்தை மாதிரி, மளிகைக்கடைச் சீனர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கட்டிலுக்கடியில் படுக்க வைத்து, மேலே பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார். அம்மா பாதி மலாய், பாதி இங்கிலீஷில் சொல்ல, என் மகள் மொழிபெயர்த்தாள். ஊரே வெறிபிடித்துக் கிடந்த அந்த ராத்திரியில் மாக்சிக்கைக் கட்டில்மேல் உட்கார வைத்தது எந்தச் சட்டம் தம்பி?

அப்புறம் 22ஆம் தேதி. கேட்டீர்களே, அந்த 22ஆம் தேதி என்ன நடந்தது தெரியுமா? அந்தப் பெண் மறுபடி வந்தாள். சேலையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, சட்டை மடிப்பதுபோல் சதுரமாக மடித்துக் கொண்டுவந்தாள். "சேலையை இப்படியா மடிப்பாங்க கண்ணு?" என்று அம்மா மடிக்கக் கற்றுக்கொடுத்தார். மடிக்கக் கற்றவள் கட்டவும் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே துணியைப் போட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஏழு கொசுவம். 23ஆம் தேதியும் வந்தாள். பள்ளி மாறியும் வந்தாள். தீபாவளி முறுக்குப் பிழிய எங்கள் வீட்டில் அவள்தான் முதல் ஆள்.

ஐயா மணியைத் தொடுகிறார். ஒரே நிமிடம் ஐயா, இதைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது.

போன வருடம் அம்மா போய்விட்டார். புளோக் கீழ்த்தளத்தில்தான் வைத்திருந்தோம். குளிப்பாட்டி, கோடிச் சேலை உடுத்தும் நேரம், சுற்றிலும் துணி மறைப்பு, உள்ளே நாங்கள் பெண்கள் நாலைந்து பேர். எனக்குக் கை நடுங்குகிறது, கொசுவம் நிற்கவே இல்லை. வெளியே அந்தப் பெண்ணின் குரல், "ஆன்ட்டி, நான் வரட்டுமா?" உறவுக்காரர் ஒருவர் முனகினார், வேற்று ஆள் எப்படி என்று. அம்மாவின் அண்ணன், எண்பது தாண்டியவர், நாற்காலியில் இருந்தபடியே "அவ பேத்திதான், உள்ளே விடுங்க" என்றார்.

வந்தாள். என் கையிலிருந்து சேலையை வாங்கினாள். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து, அழுதுகொண்டே, தமிழில் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு வரைக்கும்.