‘எனக்கு வேணும்’ என்று செபித்த சவேரியார்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். மறைக்கல்வி வகுப்பில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்தவன் என்ற முறையில், புனிதர்களின் வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திருவருட்சாதனமான உறுதிபூசுதலுக்குப் புனிதர் ஒருவரின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நம் பிள்ளைகள் காதுக்கு இனிய பெயரையோ தாத்தாவின் பெயரையோ எடுத்துக்கொண்டு, அவர் செய்த புதுமைகள், அதாவது அற்புதங்கள், இரண்டை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். புதுமைகளை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்தப் புனிதரே எழுதிய கடிதம் கிடைக்குமானால், அதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி.

புனித சவேரியாரை எடுத்துக்கொள்வோம். மறையைப் பரப்ப 1542இல் கோவாவுக்கு வந்து, அதே ஆண்டில் தமிழகத்தின் தென்கடலோரமான முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரதவ மீனவரிடம் சென்றவர் அவர். தம் தாய்மொழி பாஸ்க் என்பதையும், மக்கள் பேசுவது தமக்கும் தாம் பேசுவது மக்களுக்கும் விளங்கவில்லை என்பதையும், 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவர் ஒளிக்காமல் சொல்கிறார். இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உழைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியவரையும் அழைத்தார்.

அந்தத் தமிழில் ஒரு பிழை இருந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்றிருந்தது! நேயர்களே, சற்று எண்ணிப் பாருங்கள்: நம் வீட்டுக் குழந்தை மிட்டாய்க்கு அழும்போது சொல்லும் அதே ‘வேணும்’தான், அங்கே, நம்பிக்கையை அறிக்கையிடும் செபமான விசுவாசப் பிரமாணத்தில் ஒலித்திருக்கிறது. பிழையை உணர்ந்ததும், அந்தச் சொல்லின் பொருள் விரும்புவது, நம்புவது அன்று என்று விளக்கி, திருத்திச் சொல்லும்படி 1544இல் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதினார். எத்தனையோ வேலைகளுக்கு நடுவே ஒரே ஒரு சொல்லுக்காக அவர் பேனாவை எடுத்தார் என்பதை நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. வீட்டில் ஆங்கிலம் பேசி, பள்ளியில் தமிழ்த் தேர்வுக்குத் தடுமாறும் நம் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்த பிறகு, பீடத்திலிருந்த சிலை அவர்களுக்குப் பக்கத்து மேசை மாணவராகிவிடும். எந்தப் புதுமைக் கதையும் என் வகுப்பில் இதைச் செய்ததில்லை.

அவருக்கும் நம் சிங்கப்பூர்க் கடலுக்கும் தொடர்புண்டு. சீனாவை நோக்கிய இறுதிப் பயணத்தில், 1552 ஜூலையில், சிங்கப்பூர் நீரிணையிலிருந்து அவர் சில கடிதங்கள் எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரையோரச் சாஞ்சியன் தீவில் உயிர் துறந்தார்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் திறக்கப்பட்ட ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தைப் பற்றியும் சொல்ல எண்ணியிருந்தேன், அதை விட்டுவிடுகிறேன். 1821இல் இத்தீவில் கால் வைத்த இம்பெர்ட் அடிகளாரை மட்டும் குறிப்பிட்டு விடைபெறுகிறேன். அவர் 1839இல் கொரியாவில் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்டு, 1984இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். உறுதிபூசுதலுக்குப் பெயர் தேடும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அவர் பெயரையும் சொல்லிவையுங்கள். வணக்கம்.