90 நிமிடக் கப்பலை விட்டு 30 மணி நேரக் கப்பல் ஏன்? குளிர்காலக் கேரவன் கணக்கு

வணக்கம் நண்பர்களே!

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து பிரான்சின் கலேவுக்குக் கப்பலில் 90 நிமிடம்தான். போர்ட்ஸ்மத்திலிருந்து ஸ்பெயினின் சான்டான்டருக்கு ஏறக்குறைய 30 மணி நேரம். கட்டணமும் கூடுதல். அப்படியிருந்தும், காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்க ஸ்பெயின் போகும் பிரிட்டிஷ்காரர்கள் பலர் அந்த நீண்ட கப்பலில்தான் ஏறுகிறார்கள். அவர்கள் செய்வது சரி என்றே நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கேரவன் என்பது எஞ்சின் இல்லாத சக்கர வீடு. ஓய்வுபெற்றவர்கள் அதை இழுத்துக்கொண்டு ஸ்பெயினின் கடற்கரை ஊரான பெனிடோர்ம் பக்கம் போவார்கள். அங்கே ஜனவரிப் பகலிலும் 16, 17 டிகிரி வெயில் கிடைக்கும்.

[திரையில்: இரண்டு வழிகளும் வரைந்த வரைபடம்]

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். கலேயில் இறங்கினால் பெனிடோர்முக்கு 1,800 கிலோமீட்டர் அளவில் ஓட்ட வேண்டும். சான்டான்டரில் இறங்கினால் சுமார் 900. பாதிக்குப் பாதி! தனிக் காராக இருந்தால் இந்த வித்தியாசம் பெரிதில்லை. கேரவன் கட்டிய வண்டிக்கு ஸ்பெயின் நெடுஞ்சாலையில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர். சராசரி 70 என்று வையுங்கள். கலேயிலிருந்து 26 மணி நேரம், சான்டான்டரிலிருந்து 13 மணி நேரம். அதுவும் பிரான்ஸ் முழுக்கக் குளிர்காலத்தில்: மாலை ஐந்தரைக்கே இருட்டு, மழை, பக்கக் காற்று, கேரவனை நிறுத்தித் தங்கும் கேம்ப்சைட்டுகள் பல மூடியிருக்கும். டீசல், சுங்கக் கட்டணம், இடையில் இரண்டு மூன்று இரவுத் தங்கல் எல்லாவற்றையும் கூட்டினால் கப்பல் டிக்கெட் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் ஷெங்கன் நாடுகளில் (பிரான்ஸ், ஸ்பெயின் உட்பட, தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்தான் தங்கலாம். முன்பெல்லாம் அக்டோபரில் போய் மார்ச்சில் திரும்பினவர்களுக்கு இது பெரிய அடி. ஒவ்வொரு நாளும் எண்ணிச் செலவழிக்க வேண்டியதாகிவிட்டது. சரி, அந்த எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது? டோவரில் பிரெஞ்சு அதிகாரிகள் இங்கிலாந்து மண்ணிலேயே பாஸ்போர்ட்டைச் சோதித்துவிடுகிறார்கள். அன்றே முதல் நாள். பிரான்ஸைக் கடக்கும் நாட்களும் அந்த 90-இல் கழிந்துபோகும். போர்ட்ஸ்மத்தில் அப்படி இல்லை, நுழைவுச் சோதனை சான்டான்டரில் இறங்கிய பிறகுதான். அதாவது கடலில் கழிந்த நேரம் கணக்கிலேயே வராது. திரும்பும்போதும் அப்படியே. சாலையில் கழியும் நாட்களும் குறைவதால், போக வரச் சில வெயில் நாட்கள் மிச்சம்! இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்தக் கப்பல்களை ஓட்டும் பிரிட்டனி ஃபெர்ரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? பிரான்சின் பிரிட்டனிப் பகுதி விவசாயிகள். அலெக்சி கூர்வெனெக் என்பவர் தலைமையில், தங்கள் காலிஃபிளவரையும் ஆர்ட்டிசோக்கையும் இங்கிலாந்துச் சந்தைக்குக் கொண்டுபோகத் தாங்களே கப்பல் விட்டார்கள். பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்த மறுநாள், 1973 ஜனவரி 2 அன்று, முதல் கப்பல் ரொஸ்கோஃபிலிருந்து பிளிமத்துக்குக் கிளம்பியது. 1978-இல் சான்டான்டர் வழித்தடமும் வந்துவிட்டது. காய்கறி விற்க வந்தவர்கள் கட்டிய நிறுவனம் இது. கொஞ்சம் வீடியோவை நிறுத்திவிட்டு யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய காரியம்!

அப்புறம், துறைமுகம் வரை ஒழுங்காக இழுத்துப் போக வேண்டுமே. போர்ட்ஸ்மத்தில் ஒரு வசதி: எம்27 சாலையிலிருந்து பிரியும் எம்275 கிட்டத்தட்டத் துறைமுக வாசலிலேயே கொண்டுவிடும். ஊர்ச் சந்துகளில் நுழைய வேண்டியதில்லை. பிரிட்டன் மோட்டார்வேயில் கேரவனோடு மணிக்கு 60 மைல்தான் உச்சம், மூன்று தடங்களோ அதற்கு மேலோ இருந்தால் வலது கோடித் தடத்துக்கே போகக் கூடாது.

பாரம் ஏற்றுவதில்தான் உயிர் இருக்கிறது. மாட்டு வண்டியில் பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும் இல்லையா, இங்கேயும் அதே கதை. கேரவனின் மூக்கு காரின் கொக்கியை அழுத்தும் எடை, மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருப்பது நல்லது. 1,400 கிலோ கேரவனுக்கு 70 முதல் 98 கிலோ. காரும் கொக்கியும் அனுமதிக்கும் அளவையும் தாண்டக் கூடாது. கனமான சாமான்களைத் தரையில், அச்சுக்கு மேலே வையுங்கள். பின்பாரம் ஏறினால், ஒரு பெரிய லாரி பக்கத்தில் கடக்கும்போது கேரவன் இடமும் வலமும் ஆடத் தொடங்கிவிடும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், வேகம் குறையட்டும்.

கப்பலில் ஏறுமுன் கேரவனில் இருக்கும் அடுப்பு, ஹீட்டருக்கான கேஸை மூட வேண்டும். பயணத்தின்போது கேரவனுக்குள் இருக்க முடியாது. இறைச்சி, பால் பொருட்களை இங்கிலாந்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை, ரொட்டிக்குள் வைத்த ஹாமும் இதில் சேர்த்தி.

கடைசியாக ஒன்று. ஸ்பெயின் என்றதும் வெயில் என்று நினைத்துவிடாதீர்கள். சான்டான்டரிலிருந்து தெற்கே போக மலை ஏறியாக வேண்டும். வழியில் வரும் புர்கோஸ் 850 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது, பனி கொட்டும். பியூட்டேன் கேஸ் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினாலே ஆவியாக மறுத்துவிடும். அடுப்பும் எரியாது, ஹீட்டரும் எரியாது. மைனஸ் 42 வரை தாங்கும் புரொப்பேன் சிலிண்டரே எடுத்துப் போங்கள். இறங்கியதும் ஸ்பெயின் போக்குவரத்துத் துறையான டி.ஜி.டி.யின் தளத்தில் மலைச்சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

கேரவன் இழுத்து ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் எந்தத் துறைமுகம் வழியாகப் போனீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.